மோரிப் கடலில் மிதந்த செருப்பு

போன சனிக்கிழமை மாலை ஐந்து மணி. மோரிப் கடற்கரை. கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்துகொண்டிருந்தது. பழுப்பு நிற ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டை வைத்தவள் நான்தான். செருப்பு என் வீட்டுக்காரருடையது.

செருப்பு இருக்கிறது... ஆளைக் காணோம்.

கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் ஏன் அங்கே போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் நடக்கவிட்டேன். நடந்தாரா? வாசலுக்கு வாசல் யாராவது நலம் விசாரிக்க, இவர் நெஞ்சு வலித்த நிமிடத்தில் தொடங்கி டிஸ்சார்ஜ் வரைக்கும் நின்று சொல்வார். முக்கால் மணி நேர நடையில் பத்து நிமிடம்தான் கால் நகர்ந்தது.

சுங்கை பூலோவில் இருக்கும் மகள்தான் இந்த யோசனையைச் சொன்னாள். தெரிந்தவர்கள் இல்லாத இடத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ, கடற்கரைக்குப் போ என்றாள். அன்றிலிருந்து சனிக்கிழமைக்கு ஒரு கடற்கரை. ரிசோர்ட் எல்லாம் கிடையாது. யார் வேண்டுமானாலும் போகலாம் என்றிருக்கும் பொதுக் கடற்கரைகள் மட்டும்.

போர்ட்டிக்சன் — கூட்டம், ஆனால் தண்ணீர் நன்றாக இருந்தது. பாகான் லாலாங் — மணல் நீளமாகக் கிடக்கிறது, நடக்கத் தோதான இடம். ஜெராம் பக்கம் ரெமிஸ் கடற்கரையில் நடந்ததைவிடச் சுட்ட சிப்பி மணத்தை அவர் முகர்ந்ததுதான் அதிகம். கெலானாங்கில் எங்களையும் நாலு நாய்களையும் தவிர யாருமில்லை. ஐந்தாவது மோரிப்.

ஐந்து கடற்கரை பார்த்தவளே, கடல் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரியாது. நான் பை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் குடும்பங்களில் இது எழுதப்படாத சட்டம். கடலுக்குப் போனால் ஒருத்தி பைக்குக் காவல். பிளாஸ்க், துண்டு, மாற்றுத் துணி, கார் சாவி, எல்லோருடைய கைப்பேசியும் அவள் மடியில். மற்றவர்கள் நனைந்து வருவார்கள். இவள் ஆளுக்கொரு துண்டை எடுத்துக் கொடுப்பாள். ஐந்து கடற்கரையிலும் என் கால் நனையவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. என் வீட்டுக்காரர் கடலில் செருப்போடு கால் வைக்க மாட்டார். தண்ணீர் ஓரத்தில் ஜோடியாகக் கழற்றி வைத்து, குனிந்து நீரைத் தொட்டு, தலையில் தெளித்துக்கொண்டுதான் இறங்குவார். கோயில் வாசலில் செய்வது போலவேதான். கோயில் வாசலில் செய்யும் தப்பையும் சேர்த்தே செய்வார். திரும்பி வரும்போது கண்ணில் பட்ட முதல் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பார்! அப்படி மூன்று முறை ஊரான் செருப்போடு வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் நகப்பூச்சை எடுத்தேன்.

சரி, மோரிப்புக்கு வருவோம். நாங்கள் போனபோது கடல் எங்கேயோ தூரத்தில் இருந்தது. நடுவில் முழுக்கச் சேறும் ஈர மணலும். உப்புத் தண்ணீர் பட்டுக் கெட்டுவிடக் கூடாதே என்று அவருடைய கைப்பேசி, பர்ஸ், மூக்குக்கண்ணாடி மூன்றையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது என்றேன். கடைப்பக்கம் போய் எண்ணெயில் பொரித்த குரோப்போக் வாங்கித் தின்னக் கூடாது என்றேன். வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளுங்கள் என்று வேறு சொன்னேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை. அவர் கடலைப் பார்த்து நடந்தார்.

மகள் வீடியோவில் கூப்பிட்டாள். வெயில் கண்ணில் அடித்ததால் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். பேரன் பள்ளிக்கூடம், பங்சாரில் அவள் ஆபீஸ், புது மேனேஜர்... முக்கால் மணி நேரம் இருக்கும். கடைசியில், அப்பா எங்கே, காட்டு என்றாள்.

திரும்பினேன். சேற்றைக் காணோம். மணலைக் காணோம். கடல், கரைக்கு ஏறும் படிக்கட்டுப் பக்கம் வந்துவிட்டது. அலையடித்து வரவில்லை, சத்தமே இல்லாமல் வந்திருந்தது. அந்தத் தண்ணீரில்தான் அந்தச் செருப்பு.

மகளிடம் என்ன சொல்லிப் போனை வைத்தேன் என்று நினைவில்லை. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். செருப்பைக் கையில் எடுத்தேன். இன்னொன்று சேற்றில் செருகிக் கிடந்தது. தண்ணீரில் தெரிந்த ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். எதுவும் அவர் தலை இல்லை. நெஞ்சு வலி வந்து தண்ணீருக்குள்ளேயே விழுந்திருப்பாரோ? கூப்பிட்டிருப்பாரோ? நான்தான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேனே!

பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. மனைவிக்குத் தேவி என்று பெயர், பந்திங்கிலிருந்து வந்தவர்கள். என் முகத்தைப் பார்த்ததுமே அந்தப் பெண் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை.

முப்பத்து நான்கு வருடம் குடித்தனம் நடத்தியவள். அன்றைக்குக் காலையில் அந்தச் சட்டையை அயர்ன் பண்ணிக் கொடுத்தவளே நான்தான். நீலம் என்றேன், இல்லை வெள்ளை என்றேன், அழுதேன். என் வாழ்க்கையில் இப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

தேவியின் கணவர் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். விஷயம் தெரியாமல், என் சிலிப்பர் எங்கே என்று கேட்டார். தேவி பொரிந்து தள்ளினாள்.

"இந்த நேரத்துல சிலிப்பரு முக்கியமா? தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எடுத்து மேல வச்சேன். அப்பவே உங்களுத காணோம். பக்கத்துல அதே மாதிரி ஒரு ஜோடி கெடந்துச்சு. செவப்பா பொட்டு இருக்கவும் நம்மளுது இல்லன்னு விட்டுட்டேன் லா."

அழுதுகொண்டிருந்தவள் அப்படியே நின்றேன்.

"அண்ணே, உங்க சிலிப்பரு என்ன கலரு?"

"காப்பி கலரு அக்கா. ரப்பர்."

என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. தண்ணீர் ஏறும் முன்னாலேயே தேவி கணவரின் செருப்பு போய்விட்டது. என் வீட்டுக்காரர் செருப்பு இங்கேயே கிடக்கிறது. அவர் மூக்குக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் நகப்பூச்சுப் பொட்டு அவருக்கு எங்கே தெரியப் போகிறது? அப்படியென்றால்... மனுஷன் தண்ணீரில் இல்லை. கரையேறிவிட்டார்! அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார்!

கோயில் வாசலில் எத்தனை பேரிடம் இதற்காக அசடு வழிந்திருக்கிறேன். எத்தனை முறை அவரைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பாழாய்ப்போன பழக்கம் மட்டும் அவருக்கு இருக்க வேண்டும், ஆண்டவனே, இன்றைக்கும் அவர் அதைச் செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். பின்னாலேயே தேவியும், வெறுங்காலோடு அவள் கணவரும்.

கடைகளைத் தாண்டி, சவுக்கு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் சட்டை. மஞ்சள்! பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு மலாய்க்காரப் பெரியவர். என் வீட்டுக்காரர் மணிக்கட்டை நீட்டி, குழாய் எந்த வழியாகப் போனது என்று விரலால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஓடி வரும்போது திட்டுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தேன். சட்டை காய்ந்திருந்தது, உள்ளே உடம்பு சூடாக இருந்தது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

"என்னா, முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு? பசிக்குதா?" என்று கேட்டார்.

"எங்க போனீங்க?"

"நடந்தேன். டாக்டரு நடக்கத்தான சொன்னாரு. நீ பிள்ளைகூட பேசிக்கிட்டு இருந்த, தொந்தரவு பண்ண வேணாம்னு வந்துட்டேன்."

மூக்குக்கண்ணாடியை எடுத்து நானே மாட்டிவிட்டேன். செருப்பைக் கழற்றுங்கள் என்றேன். குனிந்து பார்த்தார். "அதான் நடக்கும்போது லூசா இருந்துச்சா!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். தேவியின் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். தேவியும் நானும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். மலாய்ப் பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவரும் சிரித்துவைத்தார்.

பிறகுதான் பை ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தேன். விட்ட இடத்திலேயே இருந்தது, யாரும் தொடவில்லை. ஐந்து வாரமாக நான் கண் கொட்டாமல் காத்த பைக்குக் காவலே தேவைப்பட்டிருக்கவில்லை!

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். கெட்டுவிடும், தொலைந்துவிடும் என்று பயந்து கைப்பேசியை வாங்கினேன், பர்ஸை வாங்கினேன், கண்ணாடியை வாங்கினேன். எல்லாமே பத்திரமாக என் மடியில் இருந்தது, அவர் ஒருவரைத் தவிர. நம்மில் பாதிப்பேர் இப்படித்தானே வாழ்கிறோம்?

இந்தச் சனிக்கிழமையும் மோரிப்தான் போகிறோம். தேவி வரச் சொல்லியிருக்கிறாள். நானும் தண்ணீர் ஓரத்தில் அவர் செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கப் போகிறேன். அப்படியானால் பையை யார் பார்த்துக்கொள்வது என்று நேற்று அவரே கேட்டார்.

பை போனால் வேறு பை வாங்கிக்கொள்ளலாங்க!