யூர்கனின் விரல்களில் இருந்த நாலெட்ஜ்

போன மாதம் எங்கள் மியூனிக் அலுவலகத்தில் ஒரு சின்னத் தகராறு. காரணம் ஒரே ஒரு வார்த்தை – ‘நாலெட்ஜ்’.

ஒரு ஜெர்மன் கம்பெனியின் பில்லிங் சாஃப்ட்வேரை இனி நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் அதைப் பார்த்துவந்த யூர்கன், என் டீமில் இருக்கும் கவிதாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வேறு பிரிவுக்குப் போகிறார். இதற்கு ஐ.டி. பாஷையில் ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’ என்று பெயர். ஏதோ கேஸ் சிலிண்டரை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குத் தூக்கிப் போவது மாதிரி!

நிஜத்தில் என்ன நடக்கும்? அவர்கள் ஸ்லைடு போடுவார்கள். நாம் தலையாட்டுவோம். ‘புரிந்ததா?’ என்றால் ‘யெஸ்’. புரியாவிட்டாலும் ‘யெஸ்’தான். பள்ளிக்கூடத்திலிருந்தே வரும் பழக்கமாயிற்றே...

கவிதா தலையாட்டவில்லை. கடைசி நாளன்று சென்னையிலிருந்து மேனேஜர் ஸ்பீக்கர் போனில் வந்தார்.

“என்ன கவிதா, டிரான்ஸ்ஃபர் முடிஞ்சுதுன்னு கிளையண்டுக்குச் சொல்லிடலாமா?”

“வேண்டாம் சார். அவர் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா எனக்குத் தெரியும்னு சொல்ல முடியாது.”

“எல்லாரும் சொல்றதுதானேம்மா? உன்னால முடியலைன்னா சொல்லு, வேற ஆளை அனுப்பறேன்.”

அவளுக்கு இது முதல் வெளிநாட்டு வேலை. முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை.

“அனுப்புங்க சார். ஆனா வர்றவங்களும் தனியா ஓட்டிப் பார்க்காம தெரியும்னு சொல்ல முடியாது. அதைவிட, ஒரு வாரம் நானே தனியா ஓட்டறேன். யூர்கன் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா போதும். கீபோர்டைத் தொடக் கூடாது.”

வேண்டா வெறுப்பாக ஒரு வாரம் கிடைத்தது.

வியாழக்கிழமை பில்லிங் பாதியில் நின்றது. யூர்கனின் கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. கவிதா அந்தக் கையைத் தள்ளிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள், “என்ன செய்யப் போனீர்கள்? வாயால் சொல்லுங்கள்.”

“இது வாராவாரம் நிற்கும். பழைய ஃபைல் ஒன்றை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுவேன்.”

“இதை ஏன் சொல்லவே இல்லை?”

மனுஷர் நிஜமாகவே யோசித்தார். “இது சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.”

ஒளித்துவைக்கவில்லை, பாவம். அவருக்கு அது அவ்வளவு பழகிவிட்டது.

நாம் இந்த வார்த்தையை என்ன பாடு படுத்துகிறோம்! பயோடேட்டாவில் ‘கம்ப்யூட்டர் நாலெட்ஜ் உண்டு’ என்று எழுதுகிறோம். வினாடி வினாவில் தலைநகரங்களை ஒப்பித்தால் ‘பொது அறிவு’. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் ‘அறிவிருக்கா?’ என்று எகிறுகிறோம். ஆனால் ஒரு வேலையைத் தன்னந்தனியாகச் செய்து பார்க்கும்வரை ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்ல மாட்டேன் என்கிற பிடிவாதம் எத்தனை பேருக்கு இருக்கிறது? எனக்கு அவள்மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

யூர்கன் போய்விட்டார். இந்த வியாழனும் பில்லிங் நின்றது. கவிதா எதையோ அழித்தாள், மறுபடி ஓட்டினாள், காபி எடுக்கப் போனாள். திரும்பி வரும்போது மேனேஜரின் போன்.

“இன்னிக்கு ஏதாவது பிரச்சினையாம்மா?”

“ஒண்ணுமில்லையே சார்.”

டிரான்ஸ்ஃபர் முடிந்துவிட்டது. இனி அவளிடம் கற்றுக்கொள்ள வருகிறவர் பாடுதான் திண்டாட்டம்!