றிஸ்வியாவின் நூற்று இருபத்தெட்டு நாள்

கலியாணப் பெண்ணுக்கு எது முக்கியம் என்று றிஸ்வியாவுக்கு எல்லோரும் சொன்னார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

பெரியப்பா ஸலாஹுதீனுக்கு மண்டபம் முக்கியம். ஹபீலா மாமிக்கு ஊர்வாய் முக்கியம். மலேசியாவில் இருந்த மாப்பிள்ளையின் அக்காவுக்கு நிறம் முக்கியம். மலாய்க் கலியாணத்தில் குடும்பம் முழுவதும் ஒரே நிறத்தில் உடுத்தியாக வேண்டுமாம். பதினொரு வகைப் பச்சையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். பதினொன்றும் றிஸ்வியாவுக்கு ஒரே பச்சையாகத்தான் தெரிந்தன.

அவளுக்கு முக்கியம் ஒன்றே ஒன்று. நிக்காஹ் நடக்கும் இடத்தில் உம்மா இருக்க வேண்டும்.

கேட்பதற்குப் பெரிய ஆசையாகத் தெரியாது. ஆனால் வாப்பா ஜிப்ரி ஒக்ரோபர் ஏழாம் திகதி மௌத்தாகியிருந்தார். உம்மா றஷீதா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுப்படி தாண்டுவதில்லை. அந்நிய ஆண்களின் கண்ணில் படுவதில்லை. எங்கள் பக்கத்தில் வெள்ளையைத் தவிர வேறு உடுப்பதுமில்லை. பெரியப்பா பிடித்த மண்டபமோ வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது.

றிஸ்வியா, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு ஒதுங்கிய புத்தளத்து முகாமில் பிறந்தவள். பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணம் வந்தபோது, "திரும்பி வந்துட்டம்" என்று வாப்பா சொன்னார். அவள் அதற்கு முன் இந்த ஊரைக் கண்டதே இல்லை. வாப்பா தையல் மெஷின் திருத்தினார். மகள் பொறியியல் படித்தாள், குடிநீர்த் திட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள், மேற்படிப்புக்கு இரண்டு வருடம் மலேசியாவில் ஜோகூர் போனாள். பட்டமும் ஹைக்கலும் கிடைத்தார்கள். ஹைக்கல் கடலுக்குள் எண்ணெய் மேடையில் வேலை செய்பவன். வருடத்தில் இரண்டு தடவைதான் அவனுக்குத் தரை. கலியாணம் நோன்புக்கு முன் என்று முடிவு செய்தது வாப்பாதான். முடிவு செய்து மூன்று வாரத்தில் மாரடைப்பு.

துக்கம் தாங்காத பெண்கள் என்ன செய்வார்களோ தெரியாது. றிஸ்வியா கணினியில் ஒரு அட்டவணை போட்டாள். பிறை மாதம் சராசரி இருபத்தொன்பதரை நாள். நான்கால் பெருக்கிப் பத்தைக் கூட்டினால் நூற்று இருபத்தெட்டு. பெப்ரவரி பன்னிரண்டில் இத்தா முடியும், பதின்மூன்று வெள்ளிக்கிழமை கலியாணம். கணக்குச் சரி வந்ததும் வாப்பா போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

மாமி அதைப் பார்த்துவிட்டார்.

"மௌத்து விழுந்த வீட்டிலை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாய் புள்ளை. ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் சொல்லட்டும் மாமி. கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டிட்டுச் சொல்லட்டும்."

மாமி அந்தப் பதிலை அன்று மாலைக்குள் ஐந்து வீடுகளுக்கு இலவசமாக விநியோகம் செய்தார்.

கலியாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நிக்காஹ் விபரம் கதைக்க மௌலவி வந்தார். உம்மா உள் அறையில் இருந்தார். றிஸ்வியா அட்டவணையை அச்செடுத்து நீட்டினாள். மௌலவி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"நல்ல வடிவாச் செய்திருக்கிறீங்க தங்கச்சி. ஆனா இது ரெண்டு நாள் பிந்தும்."

"எப்பிடி ஹஸ்ரத்? சராசரி எடுத்துத்தானே போட்டனான்."

"நாங்க எண்ணுறது பிறையை. மழைக்குள்ளை ரெண்டு மாசம் பிறை தெரியேல்லை, முப்பதாப் பூர்த்தி செய்தது, மற்ற ரெண்டும் எப்பிடியும் முப்பது. பிறைக்குச் சராசரி தெரியாது தங்கச்சி. பதினாலாம் திகதி பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் உங்கடை உம்மா வெளியிலை வரலாம்."

குழாய்க்குள் ஓடும் நீரின் அழுத்தத்தை மூன்று தசமதானத்துக்குக் கணிக்கும் பெண், வானத்தை அண்ணாந்து பார்க்க மறந்துபோனாள். அவளுடைய படிப்பைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காத உறவினர் எல்லோரும் அன்றிலிருந்து அதைப் பற்றியே கதைத்தார்கள்.

திகதியைத் தள்ள வழியில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு காலை கொழும்பில் விமானம் ஏற வேண்டும், சனி பின்னேரமே இங்கிருந்து புறப்பட வேண்டும். அந்த வாரம் முடிய நோன்பு.

"அதுக்கென்ன, வீடியோவிலை பாக்கட்டும்," என்றார் பெரியப்பா. "இப்ப எல்லாரும் உப்பிடித்தானே செய்யினம். பெரிய திரை போடுவம்."

"திரை உம்மாவுக்கோ, மண்டபத்துக்கோ?"

"ரெண்டுக்கும்தான்."

றிஸ்வியா அன்றிரவே ஹைக்கலோடு கதைத்தாள். ஏன் இதற்கு இவ்வளவு வருத்தப்படுகிறாள் என்று அவன் கேட்டான். அவன் ஊரில் நிக்காஹ் நடப்பதே பெண் வீட்டில்தானாம். முற்றத்தில் பந்தல் போட்டு, அயலட்டை கூடிச் சமைத்து. மண்டபம் என்றதும் அவனுடைய தாய் முகத்தைச் சுளித்தாராம். யாழ்ப்பாணத்து வழக்கமாக்கும் என்று வாய் மூடி இருந்தாராம்.

மறுநாள் காலை மண்டபம் போயிற்று, நிக்காஹ் வீட்டில்தான் என்றாயிற்று. பெரியப்பா வீட்டுக்கு வந்து நின்றார்.

"இந்த வீட்டிலையோ? ரெண்டறை வீட்டிலையோ? என்ரை மரியாதை என்ன ஆகிறது? வாப்பா இல்லாத உனக்குப் பொறுப்பாளி, வலி, நான். நான் வந்து கை குடுக்காமல் உன்ரை நிக்காஹ் எப்பிடி நடக்கும் எண்டு பாப்பம்."

"வாங்க பெரியப்பா. முன்னறையிலை உங்களுக்குத்தான் முதல் இடம். உங்களுக்கு ஏலாதெண்டால் சாச்சா வாறன் எண்டவர். நேற்றே கேட்டு வைச்சனான்."

பெரியப்பாவுக்கு அந்தத் தம்பியோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை. தான் வராமல் தம்பி வந்து அந்த இடத்தில் இருப்பதை நினைத்துப் பார்த்தார். இரண்டு ஆடு தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்பாராத எதிர்ப்பு உம்மாவிடமிருந்து வந்தது.

"எனக்காக மண்டபத்தை விடாதை மகள். வெள்ளையோடை நான் ஒருத்தி நடுவிலை இருக்க, சனம் என்னைத்தான் பாக்கும். நான் அறைக்குள்ளை இருந்து துஆ செய்யிறன். நீ போய் முடிச்சிட்டு வா."

இதற்குத்தான் பதினொரு பச்சையும் உதவின. றிஸ்வியா மாப்பிள்ளையின் அக்காவுக்கு எழுதினாள்: பச்சை வேண்டாம், இரு வீட்டாரும் வெள்ளை. நிக்காஹ் நாளில் மலாய்க்காரர் வெள்ளை உடுப்பது எப்படியும் வழக்கம்தான். அக்காவிடமிருந்து நிமிடத்தில் ஒன்பது வகை வெள்ளை வந்தது.

மாமி நெஞ்சில் கை வைத்தார். "நாப்பது பேரும் வெள்ளையோ? அல்லாஹ்வே! கலியாணமோ ஜனாஸாவோ?"

"பிரியாணி வாசத்திலை கண்டுபிடிக்கலாம் மாமி."

அலங்காரத்துக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஜெயகௌரி வந்தார். இந்துக் கலியாணங்களுக்கு மணவறை வைப்பதில் கைதேர்ந்தவர். மணமக்கள் சேர்ந்து இருக்கும் மலாய் மேடையின் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"யானைத்தலை வைக்கவோ தங்கச்சி?"

"வேண்டாம் அக்கா."

"மயில்?"

"வேண்டாம்."

"கும்பமும் இல்லையோ? அப்ப எதைப் பாத்து இது கலியாணமெண்டு சனம் நம்பிறது?"

மேடை ஒன்பது அடி. அறை எட்டரை. ஜெயகௌரி அரை அடியை வாளால் அறுத்து எறிந்தார். வந்தவர்களுக்குக் கொடுக்க, மலாய் முறைப்படி, பூச்சுற்றிய அவித்த முட்டைகள் தட்டில் அடுக்கப்பட்டன. ஆட்டுப் பிரியாணி போட்ட குடும்பம் முட்டையும் கையுமாகச் சனத்தை அனுப்புவதா என்று பெரியப்பா கவலைப்பட்டார். அவரே நான்கு எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பதின்மூன்றாம் திகதி, நூற்று இருபத்தொன்பதாம் நாள். ஆண்கள் முற்றத்துப் பந்தலிலும் முன்னறையிலும் இருந்தார்கள். பெண்கள் உள் அறையில், மேடையைச் சுற்றி. எல்லோரும் வெள்ளை. உம்மா எங்கே என்று றிஸ்வியாவே ஒருமுறை தேட வேண்டியிருந்தது. மூலையில், ஹைக்கலின் தாயின் பக்கத்தில் இருந்தார். ஒருவருக்கும் மற்றவரின் மொழி தெரியாது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னறையில் பெரியப்பா தேவைக்கு மேல் உரத்த குரலில் நிக்காஹ் வசனத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஹைக்கல் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டான். பாத்திஹா ஓதினார்கள். மோதிரம் போட மாப்பிள்ளை உள்ளே வருகிறார் என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

உம்மா எழுந்து பின்பக்கம் நடந்தார். இத்தனை நாள் பழக்கம். ஆண் குரல் கேட்டால் கால் தானாக எழும்பும்.

"உம்மா, இருங்க," என்றாள் றிஸ்வியா. "அவர் இனி உங்கடை மருமகன். மஹ்ரம். உங்களுக்கு மறைவு இல்லை."

உம்மா மௌலவியின் மனைவியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். "நிக்காஹ் முடிஞ்சுதே. இருங்க ராத்தா."

ஹைக்கல் வந்தான். முதலில் மாமியாரின் கையைப் பிடித்து முத்தமிட வேண்டும் என்பது அவர்கள் முறை. முழங்காலில் இருந்து அப்படியே செய்தான். பிறகு ஒரு வசனம் தமிழில் சொல்ல வேண்டும் என்று நினைத்தான் போலும். ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் றிஸ்வியாவின் குரலுக்குப் பின்னால் உம்மா சொல்லக் கேட்டுக் கேட்டு அவன் பாடமாக்கி வைத்திருந்த தமிழ் வசனம் ஒன்றுதான். அதை மிகுந்த பணிவோடு சொன்னான்.

"உந்தப் போனை வைச்சிட்டு வந்து சாப்பிடு."

உம்மா சிரித்தார். வாயைப் பொத்தினார், கைக்குள்ளால் வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார். பந்தல் வரைக்கும் கேட்டிருக்கும். முன்னறையில் பெரியப்பா இருமினார்.

உம்மா அப்படிச் சிரித்தால் வாப்பா எங்கிருந்தாலும் வாசலில் வந்து நின்று, "என்ன, என்ன?" என்று கேட்பார். றிஸ்வியா வாசலைப் பார்த்தாள். செருப்புகள் மட்டும் கிடந்தன. அப்போதுதான் அழுதாள், நான்கு மாதத்தில் முதல் தடவை, மேடை அதிர, மூக்கு வழிய.

"ஐயோ தங்கச்சி, மை! ரெண்டு மணித்தியால வேலை!" என்று ஜெயகௌரி பஞ்சோடு பாய்ந்தார்.

உம்மா அவர் கையைத் தடுத்தார்.

"அழட்டும், விடுங்கோ. மோதிரம் அஞ்சு நிமிசம் நிக்கும்."