வழுக்கிப் போன நட்டு

நான் குலுக்கலில் ஏமாற்றித் தலைவரானவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்... இதில் சிரிக்க நிறைய இருக்கிறது. என்னாலேயே சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அதுதான் என் சங்கடம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் தொழிலாளர் கேம்ப்பை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, கக்கத்தில் சுருட்டிய போர்வை. ஷார்ஜாவுக்கு வெளியே, லாரிகள் மட்டும் போகிற சாலை. எனக்குப் பின்னால் யாரோ சோற்றுத் தட்டைக் கரண்டியால் அடிக்கும் சத்தம் கேட்டது. டங்... டங்... டங்! கூட்டத்துக்கு அழைப்பு. புதிய தலைவரைக் குலுக்கி எடுக்கப் போகிறார்கள். பழைய தலைவர், அதாவது நான், திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு ஓரிடத்தில் நின்றதில்லை. ஜித்தா ஷரஃபியாவில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். தோஹா நஜ்மாவில் மாவு அரைத்தேன், கடையை மூடிவிட்டார்கள். ராஸ் லஃபானில் சாரம் கட்டும்போது விழுந்து தோள்பட்டை உடைந்தது. பிறகு கூடியது, சற்றுக் கோணலாக. இவற்றையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எங்கேயும் எனக்காக ஒரு கூட்டம் காத்திருந்ததில்லை!

ஷார்ஜா கேம்ப்பில் எங்கள் பிளாக் முழுக்கத் தமிழ் ஆட்கள். துணி காயப்போடும் கயிற்றுக்குச் சண்டை. கருவாடு வறுக்கிறவனுக்கும் வெள்ளிக்கிழமை விரதக்காரனுக்கும் சண்டை. கேம்ப் பொறுப்பாளர் அலுத்துப்போய், "நீங்களே ஒரு பஞ்சாயத்து வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் மட்டும் வராதீர்கள்" என்று இந்தியில் சொல்லிக் கும்பிட்டுவிட்டார். சரி, பஞ்சாயத்து என்றால் தலைவர் வேண்டுமே? ஓட்டுப் போட்டால் ராமநாதபுரத்துக்காரன் ராமநாதபுரத்தானுக்குத்தான் போடுவான்.

எனக்குப் பள்ளியில் மிஞ்சிய ஒரே பாடம் குடவோலை முறை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள், சோழர் காலத்தில். அதைச் சொன்னேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை ஹமீது பாய் மட்டும் கையை உயர்த்தினார்.

"சீட்டெல்லாம் வேணாம்ப்பா. மடிக்கிற மடிப்புலயே அடையாளம் வச்சுருவானுவ. நான் பாக்காத சீட்டா?"

அதனால் இரும்பு நட்டு என்று முடிவானது. சைட்டில் கழித்துப்போட்ட நட்டுகள், எல்லாம் ஒரே அளவு. மேலே டேப் ஒட்டி அவரவர் பெயரை எழுதி, அவரவர் கையாலேயே பிரியாணி அண்டாவில் போட வேண்டும். யோசனை சொன்னவன் என்பதால், கண்ணைக் கட்டிக்கொண்டு நானே எடுக்க வேண்டும். ஏமாற்றக் கூடாது என்று செய்த ஏற்பாடு! இரும்புக்கு ஒரு குணம் உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை... எனக்குத் தோன்றியது.

அன்று முழுவதும் கேம்ப்பிலேயே அதிகமாகத் துள்ளியவன் மாரிமுத்து. விருதுநகர்ப் பக்கம், பெயின்டர், என் அறைக்காரன்.

"குலுக்கல்னா எம்பேரும் உள்ள விழும்லண்ணே?"

"எல்லார் பேரும் விழும்டா."

"அது ஆளு பாக்காதுல்ல?"

"நட்டுக்கு என்னடா ஆளு தெரியும்!"

அவன் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அது எதற்கான சிரிப்பு என்று நான் கேட்கவில்லை. என் நட்டு அப்போது ஃப்ரீசரில் இருந்தது, மத்தி மீன் பொட்டலத்துக்கு அடியில்.

பஸ் நிறுத்தும் கொட்டகை ஓரம், வெயிலில் அண்டா. ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். கடைசி ஆளாக நான் கைக்குட்டையிலிருந்து என்னுடையதை நழுவவிட்டேன். உடனே கண்ணைக் கட்டினார்கள். கையை விட்டேன். எல்லாம் சுட்டன. முதலில் விரலில் சிக்கியது ஒரு நட்டு. அதில் ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு. பிடித்தேன். நேர்மையானவனாக இருந்திருந்தால் அதைத்தான் வெளியே எடுத்திருக்க வேண்டும்... விட்டுவிட்டேன். அது வழுக்கிக்கொண்டு அடியில் போய் விழுந்தது. இன்னும் துழாவினேன். சில்லென்று ஒன்று தட்டுப்பட்டது.

முஷ்டியை மூடி உயர்த்திக்கொண்டு, "வெற்றி! வெற்றி!" என்று கத்தியபடி கொட்டகையைச் சுற்றி ஓடினேன். ஆனந்தத்தில் ஓடுகிறான் என்று நினைத்தார்கள். நட்டு சூடாகட்டும் என்றுதான் ஓடினேன்! ஹமீது பாய் வாங்கிப் பெயரைப் படித்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"யோவ், என்னய்யா இது, மீன் மணக்குது?"

சட்டென்று என் கையை நானே மோந்து பார்த்தேன்.

"காலையில மத்தி கழுவுன கை, பாய்!"

"சரிதான். நாறுன கையில கொடுத்துருக்கான் ஆண்டவன்!"

கேம்ப்பே சிரித்தது. மாரிமுத்துதான் முதலில் ஓடிவந்து என்னைத் தூக்கினான்.

குப்பையில் கிடந்த ஓர் ஆபீஸ் நாற்காலிக்கு ஒரு சக்கரம் இல்லை. அந்த இடத்தில் மரக்கட்டை வைத்து நிமிர்த்தினார்கள். அதுதான் தலைவர் நாற்காலி. அதில் நான் உட்கார்ந்த அந்த ஒரு வருடம்... ஐயா, அப்படி ஒரு மகிழ்ச்சி எனக்கு வாய்த்ததில்லை. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குறட்டை விடுகிறவர்கள் எல்லாரையும் ஒரே அறைக்கு மாற்றித் தீர்மானம் போட்டேன். ஒருவர் சத்தம் இன்னொருவருக்குக் கேட்காது! அந்த அறைக்குச் 'சிங்கக் கூண்டு' என்று பெயர் விழுந்தது. சிங்கங்கள் கூடிவந்து நன்றி சொல்லின. ஏசி பெட்டிகளிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குழாய் போட்டுப் பின்சுவர் ஓரம் திருப்பினோம். அரைக்கீரை முளைத்தது. பாலைவனத்தில் கீரை! முதல் அறுவடையன்று ஆளுக்கு ஒரு கரண்டிகூடத் தேறவில்லை. ஆனாலும் விருந்துபோல உட்கார்ந்து சாப்பிட்டோம். சமையலறைப் பூனை குட்டி போட்டபோது, அதை விரட்டுவதா வளர்ப்பதா என்று ஒரு மாலை முழுக்க விவாதம்.

"பூனைக்கு விசா இருக்கா தலைவரே?" என்று ஒருவன் எழுந்தான்.

"அதுக்கு விசா குடுக்குற கஃபீல் நம்ம பாய்தான். கருவாட்டுப் பொறுப்பு அவரோடது."

"எங்கிட்டக் கேட்டியாய்யா?" என்றார் பாய். மறுநாளே கருவாடு வந்தது.

பொங்கலன்று பஸ்களுக்கு நடுவில் கேஸ் அடுப்பு வைத்துப் பொங்கினோம். பானை பொங்கி வழிந்ததும் பெஷாவர்க்கார பஸ் டிரைவர் இறங்கிவந்து கை விரித்து ஆடினார். எதற்கு ஆடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நோன்பு மாதத்தில் பிளாக் முழுவதும் பகலில் வெளியே அடுப்பு மூட்டுவதில்லை என்று யாரும் சொல்லாமலே தீர்மானமானது.

கூட்டத்துக்கு ஆட்களை அழைக்க ஒருவன் வேண்டும். மாரிமுத்துவைப் பிடித்தேன். நல்ல குரல், எப்போதும் சிரித்த முகம். தட்டையும் கரண்டியையும் கொடுத்து, "அறை அறையாப் போய் அடிச்சுச் சொல்லுடா" என்றேன். இரண்டு வெள்ளி அடித்தான். மூன்றாம் வெள்ளி தட்டைக் கொண்டுவந்து என் கட்டிலில் மெதுவாக வைத்தான்.

"அண்ணே, இத வேற யாராச்சும் அடிக்கட்டுமே."

"ஏன்டா, கை வலிக்குதா?"

"எங்க அப்பா அடிச்சாரு. தாத்தா அடிச்சாரு. ஊர்க்கூட்டம், சாவு, எல்லாத்துக்கும் தெருத்தெருவா அடிச்சுட்டு, கூட்டம் நடக்கையில தள்ளி நிப்பாரு. இங்கயும் நானே அடிக்கணுமாண்ணே?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவனோ என்னைத் தேற்றுவதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் அக்கா ஊரில் பஞ்சாயத்துத் தலைவியாக இருந்தவள். பதவிக்காலம் முழுக்க ஆபீஸ் நாற்காலி அவளுக்குக் கிடைக்கவில்லை. அதில் துணைத்தலைவர் உட்காருவார், அவள் ஓரத்தில் பெஞ்சில் இருந்து கையெழுத்துப் போடுவாள்.

"அதான் நம்ம குலுக்கல்ல எம்பேரு வந்தா, சேர்ல உக்காந்து அவளுக்கு வீடியோ கால் போடணும்னு நெனச்சேன். 'ஏய் அக்கா, இங்க பாரு, எவனும் எந்திரின்னு சொல்லல'ன்னு. விடுங்கண்ணே! நமக்கு விழல."

கேட்டீர்களா? அப்போது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வருடத்தில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. உண்மையைச் சொல்லி எழுந்திருக்கலாம். ஏமாற்றிய அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த பிறகும் உட்கார்ந்திருந்தேனே, அதுதான் என் பெரிய குற்றம். அடுத்த வெள்ளியிலிருந்து தட்டை நானே அடித்தேன். "தலைவரே தண்டோராவா!" என்று கைதட்டினார்கள். என்ன நல்ல மனிதர் என்று பேர் வந்தது. அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்...

வருடம் முடியப் போகும்போது மாரிமுத்துவுக்கு விசா முடிந்தது. இனி வர மாட்டான். ஊரில் மகளுக்குப் பள்ளிக்கூடம், அவனுக்குச் சொந்தமாகப் பெயின்ட் வேலை. கொட்டகையில் அவனுக்கு விருந்து வைத்தோம். எல்லார் முன்னாலும் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன்.

"உக்காருடா. அக்காவுக்குப் போன் போடு."

கூட்டம் ஆரவாரம் செய்தது. அவன் நாற்காலியின் கையைத் தொட்டுப் பார்த்தான். உட்காரவில்லை.

"வேணாம்ணே. குலுக்கல்ல விழாம உக்காந்தா அது உக்காந்த மாதிரி ஆகுமா? எங்க அக்காவையும் ஒருநாள் கலெக்டர் வந்தப்ப போட்டோவுக்கு உக்கார வச்சாய்ங்க. அவரு காரு போனதும் எந்திரிக்கச் சொல்லிட்டாய்ங்க."

சபையைத் தூக்கிவிட அவனே பெரிதாகச் சிரித்தான்.

"எல்லாம் என் தப்புதாண்ணே! ராசியா இருக்கட்டும்னு நட்டுக்குத் தேங்கா எண்ணெய் தேச்சுப் போட்டேன். ஒங்க கையில சிக்கிருந்தாலும் வழுக்கிட்டு ஓடிருக்கும்!"

"கூறு கெட்ட பயலே, நட்டுக்கு எவன்டா எண்ணெய் தேய்ப்பான்!" என்று பாய் அவன் முதுகில் ஒரு போடு போட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆம், சிரித்தேன்! அவன் நட்டு என் கையில் இருந்தது. நான் பிடித்திருந்தேன். வழுக்கி ஓடவில்லை, நான் விட்டேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல என்னிடம் வாய் இருந்தது. அந்த வாயால்தான் சிரித்தேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டு, "ஒங்க மாதிரி தலைவர் அமையாதுண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

அதன் பிறகு நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே கூட்டம் நடத்தினேன். "குலுக்கலே வேண்டாம், இந்த வருஷமும் நீங்களே இருங்க" என்றார்கள். இல்லையென்றால் நட்டையாவது நானே எடுக்க வேண்டுமாம், கைராசியாம்! நான் வேறு வேலை பார்த்துக்கொண்டேன்.

போவதற்கு முன் ஒரே ஒரு சட்டம் போட்டேன். இனி நட்டுகள் எல்லாவற்றையும் அண்டாத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும்.

"எதுக்குத் தலைவரே?"

"சுத்தமா இருக்கும்."

"ஒங்க மீன் நாத்தத்துக்கு வேணும்தான்!" என்றார் ஹமீது பாய்.

அதோடு கிளம்பினேன். தட்டுச் சத்தம் லாரிகளின் இரைச்சலில் கரையும் வரை கேட்டது. என் போனில் மாரிமுத்துவின் நம்பர் இருக்கிறது. பேசுகிறோம். கீரை எப்படி இருக்கிறது, பூனை எப்படி இருக்கிறது என்று கேட்பான். பாயிடம் விசாரித்துச் சொல்வேன். அதை மட்டும் சொல்ல மாட்டேன்... உங்களிடம் சொல்லிவிட்டேன், அவனிடம் சொல்லவில்லை. இது என்ன நியாயம்? எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் அஜ்மானில் மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் இறக்கும் வேலையில் சேர்ந்தேன். மேஸ்திரி தூத்துக்குடிக்காரர். என் கோணல் தோளைப் பார்த்தார்.

"ஐஸ் வேல முன்ன பாத்திருக்கீரா?"

"கொஞ்சம்" என்றேன்.

கையுறை கொடுத்தார். இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்கையாலேயே முதல் கட்டியைத் தூக்கினேன்.