கவசத்துக்கு எந்தப் பக்கம் வெளிச்சம்

இரும்புக்கென்று சொந்தமாக ஒரு நிறம் கிடையாது. எதிரே எது இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும். வானத்தைப் பார்த்த இடம் நீலம், தரையைப் பார்த்த இடம் காவி, இரண்டும் சந்திக்கிற இடம் கன்னங்கரேல். இது பிடிபட்டுவிட்டால் சில்வர் பெயின்ட் ஒரு சொட்டும் வேண்டாம். கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் நீலம், கொஞ்சம் காவி போதும். சாண் உயர பிளாஸ்டர் பொம்மையின் மார்பில் இரும்புக் கவசத்தைக் கொண்டுவந்துவிடலாம். பளீரென்ற வெள்ளைக்குப் பக்கத்திலேயே கறுப்பை வைக்கத் துணிச்சல் மட்டும் வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தீட்டிய வெளிச்சம் தீட்டிய இடத்தைவிட்டு நகராது. பொம்மை போய்ச் சேரும் அறையில் வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து வந்தால் இரும்பு செத்துவிடும். அதனால் யார் வேலை கொடுத்தாலும், எங்கே வைப்பீர்கள் என்று கேட்டு, அந்த இடத்தைப் போய்ப் பார்த்த பிறகுதான் தூரிகையைத் தொடுவேன்.

எங்கள் ஊர் மிராசுதாரிடமும் அதைத்தான் கேட்டேன்.

அறுவடைக் கூலிக்காக நடந்த சண்டை ஒருவழியாக ஓய்ந்திருந்த காலம். வரப்புகளில் நட்ட சிவப்புக் கொடிகள் வெளுத்துக்கொண்டிருந்தன. எங்கள் தெருவுக்கு அரசாங்கம் மனைப்பட்டா கொடுத்திருந்ததால், மிராசுதார் நினைத்த நேரத்தில் குடிசையைப் பிரித்துப்போட்டு எங்களை விரட்ட முடியாது. நான் அரசாங்கப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் ஆகியிருந்தேன். அப்படியும் அம்மா தினமும் விடிந்ததும் மிராசுதார் வீட்டுக் கொல்லைப்புறமாகப் போய் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிவிட்டு வந்தாள். "என் சம்பளம் போதாதா?" என்று கத்துவேன். காதில் வாங்கமாட்டாள்.

அந்த வீட்டு வாசற்படியை எங்கள் தெருவில் ஒருவரும் மிதித்ததில்லை. ஒரே ஒரு தடவை அதன் வழியாக உள்ளே போய்விட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இதெல்லாம் ஒரு லட்சியமா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

பள்ளிக் கண்காட்சியில் நான் தீட்டி வைத்திருந்த போர்வீரனைப் பார்த்துவிட்டு மிராசுதார் என்னை வரச்சொல்லி அம்மாவிடம் சொல்லியனுப்பினார். நான் கிளம்பும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வர்றேன்னு மட்டும் கேட்டுடாதப்பா. முடியாதுன்னுட்டா அப்புறம் எந்த மொகத்த வச்சிக்கிட்டு நான் அங்க போறது?"

மிராசுதார் மாட்டுக் கொட்டகையிலேயே என்னை நிறுத்தி வைத்துப் பேசினார். நான் வாத்தியார் ஆனதிலிருந்து அவருக்கு என்னை 'வாடா' என்று கூப்பிட வரவில்லை. 'வாங்க' என்று சொல்ல வாய் கூசியது.

"வந்தாச்சா?" என்றார். கும்பகோணத்தில் வாங்கிய ராஜா பொம்மையை நீட்டினார். சாண் உயரத்தில், இடுப்புக்கு மேலே மட்டும் செய்த, கவசம் போட்ட ராஜா. "மவன் கல்யாணத்துக்குள்ள கூடத்துல வைக்கணும். சில்வர் பெயின்ட் அடிச்சிருக்கான், பாத்தா வாசல் கேட்டுக்கு அடிச்ச பெயின்ட்டு மாதிரி இருக்கு. நெஜக் கவசமா தெரியணும்."

"கூடத்துல வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவ உள்ள வந்து பாத்துட்டேன்னா நல்லாருக்குங்க."

அம்மா சாணிக் கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"வெளிச்சம் எல்லா எடத்துலயும் ஒண்ணுதானே," என்றார் அவர். "இங்கயே உக்காந்து அடிச்சாப் போதும்."

முடியாது என்று அவர் சொல்லவில்லை. அம்மா மூச்சுவிட்டாள். நான் பொம்மையை வாங்கிக்கொண்டேன்.

சில ஞாயிற்றுக்கிழமைகள் கொட்டகையில் உட்கார்ந்து தீட்டினேன். கூரை தாழ்வு, வெளிச்சம் மேலிருந்து வராது, வாசல் மண்ணில் பட்டுக் கீழிருந்துதான் ஏறிவரும். இங்கேயே என்று சொன்னவருக்கு இங்கே உள்ள வெளிச்சம்தான் என்று அப்படியே தீட்டினேன். கவசத்தின் கீழ்விளிம்பு பளபளத்தது, வைக்கோல் மஞ்சள் விலாவில் ஏறியது, தோள்கள் கறுத்தன. நான் தீட்டியதிலேயே நல்ல இரும்பு அதுதான். மிராசுதாரும் விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்தார், உள்ளே எடுத்துப் போனார்.

மறுநாள் மாலை எங்கள் இருவருக்கும் சொல்லியனுப்பிவிட்டு, அவரே பொம்மையோடு கொட்டகைக்கு வந்தார்.

"என்ன இது? கூடத்துல வச்சா சேத்தப் பூசினாப்ல இருக்கு. நடுமுத்தத்துத் தொறப்பு வழியா வெளிச்சம் மேலேருந்து விழுது, இது கீழ மின்னுது."

இனி அவருக்கு வேறு வழியில்லை என்று நினைத்தேன்.

"அத வச்ச எடத்துலயே வச்சுப் பாத்துத்தாங்க திருத்தணும். அரை நாள் வேல. உள்ள வந்து முடிச்சுக் குடுத்துடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கையிலிருந்த ராஜாவையும் ஒரு தடவை பார்த்தார். கல்யாணத்துக்கு நாள் நெருங்கியிருந்தது; பொம்மை மேல் அவருக்கு நிஜமாகவே ஆசை. அவர் மனசு அல்லாடுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில் கொட்டகைச் சுவரில் லாந்தர் வைக்கிற மாடத்தில் பொம்மையை வைத்தார்.

"இங்க நல்லாத்தான் இருக்கு. இங்கயே இருந்துட்டுப் போவட்டும்," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மாடுகளுக்கு மேலே ராஜா உட்கார்ந்திருந்தார். கவசம் நிஜ இரும்பாகவே மின்னியது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ஏன் கேட்டாய் என்று திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். வாய்க்கால் கரை வந்ததும் நின்றாள்.

"இத்தன வருசம் நான் எதுக்குடா அங்க போனேன்? நீ படிச்சு வந்துட்டா உன்னையாவது உள்ள கூப்புடுவாங்கன்னுதான் இருந்தேன். உன்ன விடக்கூடாதுன்னு ராஜாவயே மாட்டுக் கொட்டாயில வச்சிட்டாரே."

அந்த வாசற்படியை அவளும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியும் அம்மா வீட்டில்தான் இருந்தாள். மிராசுதார் வீட்டிலிருந்து கூப்பிட ஆள் வந்தது. "வரமாட்டேன்னு சொல்லிடு," என்று உள்ளேயிருந்தபடியே என்னிடம் சொன்னாள்.