உட்புறத்தில் ஓர் எழுத்து

மூன்றாவது சட்டமும் அப்படியே வந்தது. ரேணுகாம்பாள் மூலைமட்டத்தை அதன் வளைவுக்குள் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். மட்டத்தின் இரண்டு நுனிகளும் தகட்டைத் தொட்டன. மூலையில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. தொண்ணூறு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்தேழுதான் இருந்தது. கூடுதலாக மடங்கியிருக்கிறது.

வளைக்கும் மிஷினை நிறுத்தினாள்.

"இன்னாக்கா, தகட்டுக்கு ஜாதகம் பாக்குறியா?" என்றான் சந்தோஷ்குமார். அவன் பக்கத்தில் தகடு வெட்டும் மிஷினில் நின்றிருந்தான்.

"பாத்தாச்சு. பொருத்தம் இல்ல. நீ வெட்டுறத நிறுத்து."

வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிற அந்த ஷெட்டில் நாற்பதடி டிரெய்லர்கள் கட்டுகிறார்கள். நீளவாக்கில் இரண்டு பெரிய பீம். அவற்றின் குறுக்கே இருபத்திரண்டு சட்டங்கள். சட்டங்களின் மேல் தளத் தகடு. சரக்கின் கனம் முதலில் இறங்குவது அந்தக் குறுக்குச் சட்டங்களில்தான். அதனால் அவற்றுக்கு உறுதி கூடிய ஸ்டீல் தகடு வாங்குவார்கள். நாலு எம்.எம். கனம்தான் இருக்கும், ஆனால் தாங்கும். அந்தத் தகட்டுக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு அழுத்தி வளைத்தாலும், மிஷின் கையை எடுத்ததும் கொஞ்சம் திரும்பி வரும். ஐந்து டிகிரி. அதனால் ரேணுகாம்பாள் எண்பத்தைந்து வரைக்கும் அழுத்துவாள். அது தொண்ணூறில் வந்து நிற்கும். நேற்று எட்டுச் சட்டங்கள் அப்படித்தான் நின்றன. இன்று காலை புதுக் கட்டுத் தகடு வந்தது. மிஷினில் அதே அளவு, அதே அச்சு, அதே கை. இந்தத் தகடு மட்டும் திரும்பி வர மனமில்லாமல் வைத்த இடத்தில் கிடந்தது.

மேனேஜர் தேவராஜன் மிஷின் நின்ற சத்தம் கேட்டு வந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், இன்ஜினியர். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. மூன்று சட்டங்களையும் பார்த்தார்.

"மூணு பீஸ் போச்சா? கவனம் எங்க இருக்கு உனக்கு?"

"கவனம் இங்கதான் சார் இருக்குது. தகடுதான் வேற."

"தகடு வேறயா? டெஸ்ட் சர்டிபிகேட் என் டேபிள்ல இருக்கு. நீ அதைப் படிச்சியா?"

ஷெட்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தேவராஜன் இப்போதுதான் சேர்ந்த சந்தோஷ்குமாரை "வாங்க தம்பி" என்பார். தகடு இறக்க வரும் லாரி டிரைவருக்கும் "ங்க" உண்டு. பதினைந்து வருடமாக ரேணுகாம்பாளுக்கு "நீ"தான். அது அவள் காதில் விழாமல் போய் ரொம்ப நாளாகிவிட்டது. இன்றைக்கு விழுந்தது.

அவளுக்குச் சொந்த ஊர் மாகறல். அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். இந்த ஷெட்டுக்கு அவள் வந்தது வெட்டுத் துண்டுகளைப் பெருக்கி அள்ள. நாலு வருடம் அள்ளினாள். வளைக்கிறவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். இரண்டு நாள் மிஷின் சும்மா கிடந்தது. மூன்றாம் நாள் அவள் போய் அதன் முன்னால் நின்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. நாலு வருடம் அதன் காலடியில் குனிந்து பெருக்கியவளுக்கு அது எப்போது முனகும், எப்போது விடும் என்பது தெரிந்திருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தை வளைத்தவர் தன் எழுத்தை அதன் உட்புறத்தில் உளிபோல் இருக்கும் ஓர் அச்சால் அடித்துவிட வேண்டும். பெருமைக்காக இல்லை. அளவு தப்பினால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்கு. அந்தக் கழுத்துப்பிடி எழுத்தைக்கூட அவளுக்கு மூன்று வருடம் தரவில்லை. "நீ ஹெல்பர்தானேம்மா" என்றார்கள். அவள் வளைத்த சட்டங்கள் நின்றுபோனவரின் எழுத்தோடு ஊர் ஊராகப் போயின. நாலாம் வருடம் பெரிய காஞ்சிபுரத்தில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிறவரிடம் போய், கெட்டியான ஸ்டீலில் "ரே" என்று ஓர் அச்சு செய்துகொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். தேவராஜன் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். அவர் கொடுத்தது போல.

இன்று அவள் தகட்டுக் கட்டின் பக்கம் போனாள். சந்தோஷ்குமாரிடம் நேற்றைய தகட்டில் மிஞ்சிய ஒரு துண்டையும் இன்றைய தகட்டில் ஒரு துண்டையும் ஒரே அளவில் பட்டையாக வெட்டித் தரச் சொன்னாள். அவன் தேவராஜனைப் பார்த்தான். பிறகு வெட்டினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சில் வைத்து ஒரே அழுத்தில் வளைத்தாள். மிஷின் மேலே போனது. பழைய பட்டை விரிந்து தொண்ணூறில் நின்றது. புதியது எண்பத்தேழில் படுத்திருந்தது. மூலைமட்டத்தைத் தேவராஜன் பக்கம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

"இது சாதாத் தகடு சார். நாலு எம்.எம்.ல இத்தப் போட்டா லோடுக்குத் தொங்கும். அப்பால விரியும்."

"சர்டிபிகேட்ல..."

"பட்டுப் பொடவைக்கு ஜரிகைய ஒரசிப் பாத்து வாங்குற ஊரு சார் இது. முப்பது டன்னு ஏத்துற தகட்ட வளச்சுப் பாக்கக் கூடாதா? காயிதத்த வளச்சா அதுவுந்தான் திரும்பி வராது."

யாரோ சிரித்தார்கள். தேவராஜன் அவளை மிஷினுக்குப் பின்னால் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"நீ சொல்றது சரின்னே வச்சுக்கோ. முதலாளி பார்த்து எடுத்த தகடு. நான் என்ன பண்றது? ரெண்டு மூணு டிகிரிதானே, மிஷின்ல மாத்திக்கோ. தொண்ணூறு வந்துடும். உடனேயா உடையப் போறது? சில வருஷம் ஓடும்."

"வண்டிக்காரரு சிட்டிபாபு இத்த இழுத்துக்கினுதான் ரோட்ல ஓடப் போறாரு சார்."

"அவருக்கு என்ன தெரியும்? பதினாலு பீஸ் சாயங்காலத்துக்குள்ள வேணும். உன் எழுத்தை அடிச்சுக் கொடு. எழுத்து இல்லாம வெல்டிங்காரன் வாங்க மாட்டான்."

அவளுக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வந்தது. தகடு மோசம் என்று அவருக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகும் அவள் பேர் வேண்டும். நல்ல சட்டத்துக்கு மூன்று வருடம் கொடுக்காத பேர், கெட்ட சட்டத்துக்கு இன்றைக்கு இந்த நிமிஷமே வேண்டும். நாளைக்கு எங்காவது நெடுஞ்சாலையில் தளம் தொய்ந்து சட்டம் பிளந்தால், உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். சர்டிபிகேட்டை யாரும் தேட மாட்டார்கள். "ரே" இருக்கும்.

"அடிக்க மாட்டேன் சார்."

"அப்போ மிஷினை விடு."

விட்டாள். மேடையிலிருந்து தன் எழுத்து அச்சை எடுத்து, கழுவிய சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அது உள்ளே உருண்டது. அன்று மிச்ச நேரம் முழுக்க வெட்டுத் துண்டுகளை அள்ளச் சொன்னார்கள். அள்ளினாள். சந்தோஷ்குமார் மிஷினில் அளவை மாற்றி ஒவ்வொன்றாக வளைத்தான். அவளைத் தாண்டிப் போகும்போது மெல்லச் சொன்னான்: "நான் என் எழுத்த அடிக்கலக்கா. எனக்கு எதுக்கு வம்பு."

"வளைக்கிற இல்ல?"

அவன் அடுத்த தகட்டை எடுக்கப் போனான்.

ஐந்தரைக்கு வெளியே வந்தபோது டீக்கடையில் சிட்டிபாபு நின்றுகொண்டிருந்தான். ஐயம்பேட்டைக்காரன். பதினாலு வருடம் அடுத்தவன் வண்டியில் ஒரகடத்துக்கும் துறைமுகத்துக்கும் ஓடியவன். இதுதான் அவன் பேரில் கட்டும் முதல் டிரெய்லர். மூன்று வாரமாகத் தினமும் வந்து, பெண் பார்க்க வந்தவன் போல் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகிறான்.

"ஏங்க்கா, என் பொண்ணு எப்ப ரெடி ஆவும்? நாளைக்குத் தளம் போட்டுடுவாங்களாமே?"

"தளம் போடறதுக்கு முன்னாடி வந்துடு."

"ஏங்க்கா?"

ரேணுகாம்பாள் ரோட்டைப் பார்த்தாள். பஸ் வந்துகொண்டிருந்தது. இதைச் சொன்னால் தன் வேலை நிலைக்குமா என்று யோசித்தாள். நிலைக்காது என்றே பட்டது. சொன்னாள்.

"மேல ஏறி நில்லு. ஒவ்வொரு கிராஸ் சட்டத்துக்கும் உள்பக்கமா கைய உட்டுத் தடவிப் பாரு. 'ரே'ன்னு எழுத்து தட்டுப்படும். தட்டுப்பட்டா அது நான் வளச்சது. தட்டுப்படலன்னா..."

"தட்டுப்படலன்னா?"

"அதுல லோடு ஏத்தாத."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நீ சொன்னன்னு சொல்லலாமாக்கா?"

"சொல்லு. அதுக்குத்தான சொல்றேன்."

மறுநாள் புதன்கிழமை. ரேணுகாம்பாள் வழக்கமான பஸ்ஸில் வந்தாள். மிஷினில் சந்தோஷ்குமார் இருந்தான். அவளுக்குப் பெயிண்ட் பகுதியில் துரு சுரண்டும் வேலை கொடுத்தார்கள். சட்டங்களை இரவு ஷிப்டில் பற்றவைத்து முடித்திருந்தார்கள். எழுத்து இல்லாததை வெல்டிங்காரர்கள் யாரும் கேட்கவில்லை. ஒன்பதரைக்குச் சிட்டிபாபு வந்தான். பீமின் மேல் ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மண்டிபோட்டு நகர்ந்து ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தான். எட்டில் எழுத்து இருந்தது. பதினாலில் இல்லை. அந்தப் பதினாலிலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டான். பிறகு ஆபீசுக்குள் போய் முக்கால் மணி நேரம் இருந்தான். பன்னிரண்டு மணிக்கு கேஸ் கட்டர்காரர் வந்து குறி போட்ட சட்டங்களை அறுத்து எடுக்க ஆரம்பித்தார். மூன்று மணிக்குப் புதுக் கட்டுத் தகட்டின் மேல் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அது திரும்பிப் போகுமா, வேறு வண்டிக்குப் போகுமா என்று யாரும் சொல்லவில்லை. தேவராஜன் பெயிண்ட் பகுதிப் பக்கம் வரவில்லை. ரேணுகாம்பாள் ஐந்தரை வரைக்கும் துரு சுரண்டினாள். அச்சு சாப்பாட்டு டப்பாவில் இருந்தது. பஸ் இருபது நிமிடம் தாமதமாக வந்தது.