விறகுக் கொட்டில் வீட்டைச் சேர்ந்ததா?

பயிர்க் காவலுக்கும் மந்தைக் காவலுக்கும் நாய் வைத்திருக்கலாம். சும்மா வைத்திருக்கக் கூடாது. எதற்காக வைத்திருந்தாலும் வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. நனைந்த நாய் உரசிய துணியை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. காய்ந்த நாய் காய்ந்த துணியில் பட்டால் கழுவத் தேவையில்லை. கல்முனைக்குடியில் எங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்தச் சட்டம் மனப்பாடம். அந்தப் பிள்ளை நான்தான். பின்னாளில் அரசாங்கக் கந்தோரில் எத்தனையோ சுற்றறிக்கைகளை வாசித்துக் கையொப்பமிட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒன்றையும் கண்டதில்லை.

எங்கள் நாய் சட்டப்படியான நாய். சாகாமத்தில் வாப்பாவின் வயலில் பன்றிக் காவல் அதன் வேலை. அதற்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் அது செல்லம் ஆகிவிடும், செல்லத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று வாப்பா கருதியிருக்கலாம்.

அந்த மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து, வயல் வாடிக் குடிசைக்குள் வெள்ளம் ஏறிவிட்டது. வயலைப் பார்த்துக்கொள்ளும் வயல்காரர் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மண்வெட்டிகளுக்கும் உரச் சாக்குகளுக்கும் நடுவிலிருந்து நாயும் இறங்கியது. நிறைசினை. சாகாமத்தில் காவல் நாயாக இருந்தது எங்கள் வளவில் கால் வைத்ததும் வெறும் நாயாகிவிட்டது. இடமாற்றத்தில் பதவி போன உத்தியோகத்தர்களைப் பிறகு நிறையவே பார்த்தேன். அவர்களும் அப்படித்தான், எங்கே உட்காருவதென்று தெரியாமல் நிற்பார்கள்.

"தண்ணி வத்துமட்டும் வேலி மூலையில கிடக்கட்டும். வீட்டுப் பக்கம் வரப்படாது," என்றார் வாப்பா.

உம்மாவுக்கு நாய் என்றால் ஆகாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அவர்தான் வேலி மூலையில் தென்னங்குத்திகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, வைக்கல் பரப்பி, கிடுகால் கூரை வைத்தார். காரணத்தையும் கையோடு அறிவித்தார்.

"நனைஞ்ச நாய் கொடியில காயிற சேலையில உரசினா ஆரு ஏழு தரம் கழுவுற? எனக்கு ஏலா. காஞ்ச நாயெண்டா பிரச்சின இல்ல."

குட்டிகள் பிறந்தன. வாடைக்காற்று கிடுகைப் பிய்த்தெடுக்க ஆரம்பித்தது. எங்கள் கரையின் குளிரைக் குளிர்நாட்டுக்காரர் யாரும் குளிரென்று ஒப்புக்கொள்ள மாட்டார். கண் திறக்காத குட்டி, நனைந்திருந்தால், உடனே ஒப்புக்கொள்ளும். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்து நடுங்கின. வைக்கல் மாற்ற மாற்ற ஈரமானது.

இந்த நேரத்தில் சாச்சா தலையிட்டார். வாப்பாவின் தம்பி; வாப்பா அவருக்குக் காக்கா. சைக்கிளில் சாரமும் சேலையும் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்பவர். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். உடைந்த சட்டியில் உமியைக் கொட்டி, தணல் போட்டு, நாய்க்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுதான் மனெ, வெள்ளக்காரன்ட ஊட்டுல இரிக்கிற ஹீற்றர்," என்றார்.

மழையில் உமி எரியவில்லை, புகைந்தது. நாய் இருமிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தில் கவ்வி, வளவைக் குறுக்கே கடந்து, குசினியோடு ஒட்டிய விறகுக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தது. கொட்டிலுக்கும் குசினிக்கும் இடையில் ஒரே மண்சுவர். சுவரின் அந்தப் பக்கம் அடுப்பு.

காலையில் வாப்பா கண்டார்.

"ஊட்டுக்க வந்திட்டு," என்றார் சாச்சாவிடம். "எல்லாத்தையும் சாக்குல போட்டு இண்டைக்கே கடக்கரையில விட்டுட்டு வா."

வெளியே மழை இரைந்தது. அந்த மழையில் குட்டிகள் அஸர் தொழுகை வரைக்கும் தாங்காது என்பது எனக்கே தெரிந்தது. சாச்சா சாக்கைத் தேடுவதுபோல் தேடினார். நான் அழத் தயாரானேன். உம்மா குசினியிலிருந்தபடியே கேட்டார்.

"ஊட்டுக்க எண்டு ஆரு சொன்ன? அது கொட்டில்."

"கூர ஒண்டுதானே?"

"கூர ஒண்டு. வாசல் வேற. மார்க்கம் தெரியாம குட்டியள மழையில போட்டு மவுத்தாக்கினா, அதுக்கும் நாளைக்கு மறுமையில கேள்வி இரிக்கி. கேட்டுட்டுச் செய்வம்."

வாப்பா உடனே குடையை எடுத்தார். பள்ளிவாசல் அடுத்த ஒழுங்கையில். லெப்பை அங்கேதான் இருப்பார், கேட்டால் அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடுவார்.

"லெப்பை பாவம், கிதாபு பாக்காம வாயாலயே சொல்லிப் போடுவாரு," என்றார் உம்மா. "உங்களுக்கு ஓதித் தந்த ஆலிம்சா பாலமுனையில இரிக்கிறாரே. அவர்ட்ட கேட்டாத்தான் மனசுக்குச் சரி."

வாப்பா குடையை மடக்கினார். தன் உஸ்தாதைத் தாண்டி இன்னொருவரிடம் கேட்கலாம் என்று அவரால் சொல்ல முடியுமா? பாலமுனைக்குப் போவதென்றால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் எல்லாம் தாண்ட வேண்டும். பாதை எந்த இடத்தில் இருக்கும், எந்த இடத்தில் தண்ணீருக்குள் இருக்கும் என்பது அன்றன்றைய விடயம். வியாபாரத்துக்கு அந்தப் பக்கம் போகும்போது சாச்சா கேட்டு வருவதாக முடிவாயிற்று. மேலிடத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்ட விடயத்தில் பதில் வரும்வரை கை வைக்கக் கூடாது. வாப்பா அந்த முறையை மீறாதவர்.

நான் சாச்சாவின் சைக்கிள் மணிக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். ஆலிம்சா "ஆகும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் குட்டிகள் பிழைத்துவிடும். அவர் ஏன் சொல்லாமலிருக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

"கிதாபு பாக்கணுமாம்," என்று வந்தார் சாச்சா முதல் தடவை.

பாதை வெட்டுப்பட்டுத் திரும்பச் சேர்ந்த பிறகு, அடுத்த தடவை, "செவரு மண் செவரா கல் செவரா எண்டு கேட்டாரு," என்றார்.

"மண் செவரு. அந்தப் பக்கம் அடுப்பு இரிக்கி எண்டும் சொல்லுங்க," என்றார் உம்மா.

அதற்கடுத்த தடவை கொட்டிலின் வாசல் எந்தத் திசை என்று கேள்வி வந்தது. நான் அழுதேவிட்டேன். சாச்சா என் தலையில் தட்டினார்.

"அழாத மனெ. ஒண்ட நாய்ர வழக்கு கொழும்பு மட்டும் போகும் போலரிக்கி. நீ படிச்சு அப்புக்காத்தாகி வந்து பேசு."

உம்மா மட்டும் ஒரு தடவைகூடப் பதிலைப் பற்றி விசாரிக்கவில்லை. விறகில் நாய் படக்கூடாது என்று கொட்டிலில் இருந்த விறகு முழுவதையும் குசினிக்குள் மாற்றினார். காலியான இடத்தில் சாக்கும் வைக்கலும் வந்தன. ஒரு கொள்ளி கூடுதலாக எரிந்தாலே கணக்குக் கேட்பவர், அந்த மாரி முழுவதும் அடுப்பில் தென்னங்குத்தியைக் கனலவிட்டே வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு வெந்நீர் வேண்டுமாம். சுவர் இரவும் பகலும் சூடாக இருந்தது. நாய் அதில் முதுகைச் சாய்த்துப் படுத்திருக்கும். குட்டிகள் கண் திறந்தன.

வாப்பா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. ஆனால் ஒருநாள் ஏணி வைத்துக் கொட்டிலின் கூரையில் புதுக் கிடுகு செருகினார்.

"விறகு நனையுது," என்றார் கீழே நின்ற என்னிடம்.

கொட்டிலில் அப்போது ஒரு விறகும் இருக்கவில்லை. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். உம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

மழை விட்டது. வயலில் தண்ணீர் இறங்கியது. வயல்காரர் வண்டியோடு வந்தார். நாய் தானாகவே ஏறிக்கொண்டது. குட்டிகளை நான் கூடையில் தூக்கிக் கொடுத்தேன். எல்லாம் காய்ந்த குட்டிகள். உம்மா என்னை ஒரு தரம்கூடக் கழுவச் சொல்லவில்லை. குட்டிகளில் ஒன்றும் குறையவில்லை.

பிறகு சாச்சா பாலமுனையிலிருந்து பதிலோடு வந்தார்.

"ஆலிம்சா கேட்டாரு, வெள்ளம் வத்திட்டா, நாய் வயலுக்குப் போயிட்டா எண்டு. ஓம், குட்டியளும் போயிட்டு எண்டன். 'அப்ப ஒண்ட காக்காட்ட சொல்லு, கொட்டில் ஊட்டோட சேந்ததுதான், நாய வெக்கப்படாது' எண்டாரு."

"அதானே," என்றார் வாப்பா. "இப்ப தெளிவு."

உம்மா உள்ளே போய், எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றை வாழையிலையால் மூடிக் கட்டி, அடுத்த பயணத்தில் ஆலிம்சாவிடம் கொடுக்கும்படி சாச்சாவிடம் நீட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆகாது என்று சொன்னவருக்கு, அதையும் ஒன்றுக்கும் உதவாத நேரத்தில் சொன்னவருக்கு, எங்கள் வீட்டுத் தயிரா?

"இவ்வளவு பிந்திச் சொன்னவருக்கு என்னத்துக்கும்மா?"

"சைக்கிளப் புடி மனெ, சட்டி சரியப் போகுது," என்றார் உம்மா.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். உலகத்திலேயே மந்தமான மனிதர் பாலமுனை ஆலிம்சாதான் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். கந்தோரில் என் மேசைக்கு, ‘ஆகாது’ என்றே எழுத வேண்டிய ஒரு கோப்பு வந்து, அதற்குப் பதில் எழுதாமல் சுவர் மண்ணா கல்லா என்று நானே கேட்டு அனுப்பிய நாள்வரை, அந்தத் தீர்மானத்தில் மாற்றமில்லை.

ஆலிம்சாவின் பதில் வந்தது தை பிறந்த பிறகு, நாய் சாகாமம் போய்ச் சேர்ந்த மறுநாள், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.