மைதானமே முழங்காலிட்டபோது

திருநெல்வேலியிலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்காக சிட்னி வந்த எனக்கு, கிரவீன் புறநகரில் பக்கத்து வீடு யோகா அக்கா. யாழ்ப்பாணத்துச் சைவர், படகில் அகதியாக வந்தவர். அவருடைய மகள் நிலானி பெண்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஆடுகிறாள். ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்க்க என்னையும் அழைத்துப் போனார்.

பந்தோடு ஓடிய நிலானியை எதிரணிப் பெண் ஒருத்தி பாய்ந்து சாய்த்தாள். நிலானி எழவில்லை. "கழுத்தில் அடிபட்டிருக்கலாம், ஹெல்மெட்டைத் தொடாதீர்கள்!" என்று யாரோ ஆங்கிலத்தில் கத்தினார்கள். ஆட்டத்தில் யாராவது அடிபட்டால் செய்யும் வழக்கப்படி இரண்டு அணிகளும் நின்ற இடத்திலேயே முழங்காலிட்டன.

வேலியைப் பிடித்திருந்த அக்கா என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், உங்கட சாமியை ஒருக்காக் கும்பிடுங்கோ."

அவரிடம் இயேசுவைப் பற்றிப் பேச எத்தனையோ நாள் சந்தர்ப்பம் தேடியவள் நான். இப்போது அவரே கேட்டும் ஜெபிக்கவில்லை. நிலானியைச் சாய்த்தவளையே வெறுப்போடு முறைத்துக்கொண்டிருந்தேன்.

முதலுதவி செய்தவர் ஏதோ கேட்டார். நிலானியின் விரல்கள் அசைந்தன. பிறகு கால். ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அக்கா மகளை நோக்கி ஓடினார். வழியில், புல்லில் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்த அந்த எதிரணிப் பெண்ணைக் கண்டதும் நின்றார். அவள் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டார்.

"அழாதை பிள்ளை. ஷி ஓகே."

கழுத்துச் சுளுக்குதான் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா திருநீறு பூசிக்கொண்டார். பக்கத்தில் அமர்ந்து நானும் ஜெபித்தேன், முதலில் பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காக. மன்னிப்பைப் பற்றி இப்போதும் பிரசங்கிக்கிறேன். முன்பைவிடக் குறைவாகவே பேசுகிறேன்.